நைட் ஷிஃப்ட், மங்கு, நரை: கழுத்தைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரி

வாசகியின் கடிதம், சுருக்கமாக: வயது 36. சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் 11 வருடமாக இரவுப் பணி. மாலை ஆறரைக்கு கேப் ஏறினால் காலை எட்டரைக்கு வீடு. பிறகு பையனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, மொட்டை மாடியில் துணி உலர்த்திவிட்டுத்தான் படுக்கை. இரண்டு வருடமாக இரு கன்னத்திலும் மேலுதட்டின் மேலும் மங்கு. காதோரம் நரை. ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா, “என்னடி, முகமெல்லாம் இப்படி அடிச்சுப் போச்சு?” என்று கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. விலங்கியல் படித்த தம்பி ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார்: இரவு வெளிச்சத்தால் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் குறைகிறது, அது குறைந்தால் மெலனின் என்ற தோல் நிறமி கூடுகிறது, அதனால்தான் முகம் கறுக்கிறது, தோலிலும் உடல் கடிகாரம் ஓடுகிறது, அது கெட்டதால் சீக்கிரம் முதுமையும் வருகிறது. அதைக் கேட்டு இரண்டு மாதமாக 10 மி.கி. மெலடோனின் மாத்திரை, தினமும் மாலை ஆறு மணிக்கு. அதற்கு முன்பே பார்லரில் சொன்ன ஒரு க்ரீமை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி எட்டு மாதமாகப் பூசுகிறார். நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது. மூன்று வருடமாகக் கருத்தடை மாத்திரையும் உண்டு. பார்லரில் இப்போது, நிறம் வெளுக்க நரம்பில் ஏற்றும் குளுட்டாதயோன் ட்ரிப் பத்து சிட்டிங் போடச் சொல்கிறார்கள். கணவர், வேலையை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். “நான் வெயிலையே பார்ப்பதில்லை டாக்டர், எனக்கு எப்படி மங்கு வரும்?” என்பது முக்கியக் கேள்வி. கடிதத்தின் அடியில், பின்குறிப்பு மாதிரி ஒரு வரி: எடை ஒன்பது கிலோ ஏறிவிட்டது, கழுத்தும் கறுத்திருக்கிறது, அழுக்கு போக எலுமிச்சையும் பயத்தமாவும் போட்டுத் தேய்க்கிறேன்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் கன்னத்துக்காக. இரண்டாவது முறை அந்தக் கடைசி வரிக்காக. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் உங்கள் தம்பியின் விளக்கத்தைப் பார்ப்போம். அதில் பாதி சரி. சிக்கல் மீதிப் பாதியில். அதை நம்பித்தான் நீங்கள் மாத்திரை போடுகிறீர்கள்.

மெலடோனின் வேறு, மெலனின் வேறு

பெயர் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் கதை ஒரு தவளையில் தொடங்குகிறது. 1917ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், மாட்டின் மூளையில் இருக்கும் பினியல் சுரப்பியின் சாற்றைத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றின் தோல் வெளுத்து, உள்ளுறுப்புகள் வெளியே தெரிகிற அளவுக்குக் கண்ணாடி போல ஆனது. நாற்பது வருடம் கழித்து, யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆரோன் லெர்னர் அந்தச் சாற்றில் வேலை செய்யும் பொருளைத் தேடினார். வெண்புள்ளி நோய்க்கு ஏதாவது பிடிகொம்பு கிடைக்குமா என்பதுதான் அவருடைய ஆசை. 1958ல் பொருளைப் பிரித்தெடுத்து மெலடோனின் என்று பெயர் வைத்தார். தவளைத் தோலின் நிறச் செல்லை வெளுக்க வைப்பதால் ‘மெலா’, செரடோனின் குடும்பம் என்பதால் ‘டோனின்’. எங்கள் துறைக்காரர் ஒருவர் நிறத்தைத் தேடிப் போய்த் தூக்கத்தைக் கண்டுபிடித்தார் என்று மாணவர்களிடம் சொல்வேன்.

தவளைக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது. தவளையின் நிறச் செல்லுக்குள் மெலனின் துகள்கள் ஓடியாடும். மெலடோனின் பட்டதும் அவை செல்லின் நடுவே குவிகின்றன, தோல் வெளுக்கிறது. குவிந்தவை விரிந்தால் மறுபடி கறுக்கும். நம் தோலில் ஏற்பாடே வேறு. மெலனோசைட் என்ற செல் மெலனினைத் தயாரித்து, பொட்டலம் கட்டி, பக்கத்துத் தோல் செல்களுக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்ததைத் திரும்ப வாங்கும் வழி அதற்கு இல்லை. அதனால் மனிதர்கள் மெலடோனின் விழுங்கினால் நிறம் வெளுக்காது. தூக்கம்தான் வரும்.

நீங்கள் அதை மாலை ஆறு மணிக்குப் போடுகிறீர்கள். “இரவு முழுக்க உடம்பில் இருக்கட்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரவு முழுக்க நீங்கள் விழித்து வேலை பார்க்க வேண்டியவர். உடம்புக்கு ‘இருட்டிவிட்டது, படு’ என்று சொல்கிற சமிக்ஞையைக் கொடுத்துவிட்டு, அதை ட்யூப்லைட்டுக்குக் கீழே எட்டு மணி நேரம் உட்கார வைக்கிறீர்கள். ஒன்றரை மணிக்குக் கண் சொக்குகிறது, அதற்கு மூன்றாவது காபி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அந்தக் காபிக்கு இந்த மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்றே நிறுத்திவிடலாம், படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. காலையில் வீட்டுக்கு வந்து தூங்க உதவி வேண்டும் என்றால் இதைவிடக் குறைந்த அளவில், படுப்பதற்குச் சற்று முன் எடுக்கும் முறை இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அதன் பலனும் சுமார்தான்.

சரி, தம்பி சொன்னதில் சரியான பாதி எது? தோலுக்குத் தனியாகக் கடிகாரம் உண்டு என்பது. மூளையின் அடியில், ஏறத்தாழ 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்னப் பகுதி தலைமைக் கடிகாரம். அது கண்ணில் படும் வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் ஈரலிலும் கணையத்திலும் தோலிலும், ஏன், ஒவ்வொரு முடியின் வேரிலும்கூட அதே கடிகார மரபணுக்கள் ஓடுகின்றன. பழ ஈயில் இவற்றின் இயக்கத்தைக் கண்டறிந்த மூன்று பேருக்கு 2017ல் மருத்துவ நோபல் கிடைத்தது. 2015ல் பிரிட்டனில் ஓர் ஆய்வுக்குழு, மனிதத் தலைமுடி வேர்களை ஆய்வகத்தில் உயிரோடு வைத்து, பி-மால் 1, பெர் 1 என்ற இரு கடிகார மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தது. வேரில் மெலனின் கூடியது. தம்பி படித்தது இதைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

அவர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இந்த ஆய்வை அப்படியே உங்கள் மீது வைத்துப் பார்த்தால், கடிகாரம் கெட்டதும் உங்கள் முடி இன்னும் கறுத்திருக்க வேண்டும். உங்களுக்கோ நரைத்திருக்கிறது! ஒரே விளக்கத்தை வைத்துக் கன்னம் கறுத்ததையும் முடி வெளுத்ததையும் சொல்ல முடியாது. மரபணுவை அடக்குவது ஒன்று, ஷிஃப்ட் மாறுவது வேறொன்று. முதுமை விஷயமும் அப்படித்தான். பி-மால் 1 பிறவியிலேயே இல்லாத எலிகள் சராசரியாக 37 வாரத்திலேயே கிழடு தட்டிச் செத்தன. படிக்கும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனால் 2016ல், அதே மரபணுவை எலி வளர்ந்த பிறகு நீக்கிப் பார்த்தபோது ஆயுள் குறையவில்லை. அடுத்த முறை தம்பி ஆய்வுக் கட்டுரை அனுப்பினால், இது எலியா, முடிவேரா, மனிதரா என்று கேளுங்கள்.

“வெயிலையே பார்ப்பதில்லை”

பார்க்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காலை ஏழு முதல் எட்டரை வரை கேப்பில் ஜன்னலோரம். பிறகு பள்ளி வேன். பிறகு மொட்டை மாடி, அங்கே ஒன்பதரை மணி வெயில். சாதாரணக் கண்ணாடி, தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் புற ஊதா பி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், ஏ கதிரை விட்டுவிடும். 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கக் கன்னம் மட்டும் தடித்துச் சுருங்கி, மறுபக்கத்தைவிட இருபது வயது மூத்ததாகத் தெரியும். இரண்டு பக்கத்துக்கும் வயதும் தூக்கமும் ஒன்றுதான், கண்ணாடி மட்டும்தான் வித்தியாசம்.

நம் மாதிரி மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் இன்னொரு சங்கதி உண்டு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே, அதிலும் அதன் நீலப் பகுதி, நம் தோலில் மங்கைக் கறுக்க வைக்கும். வெள்ளைத் தோலில் அதே வெளிச்சம் நிறத்தை மாற்றுவதில்லை. வெள்ளையாகப் பூசும் வழக்கமான சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், இந்த வெளிச்சத்தைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்து, ஃபவுண்டேஷன் மாதிரித் தோல் நிறத்தில் வருவதை வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும். பொட்டு வைக்கிற அளவு போதாது. ஆபீஸிலிருந்து கிளம்புவதற்கு முன் பூசுங்கள், வீட்டுக்கு வந்து அல்ல. கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தால் மங்கு வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், திரையின் வெளிச்சம் மங்கை மோசமாக்கவில்லை. ‘ப்ளூ லைட்’ க்ரீம் என்று விற்பதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேப்பில் வரும்போது துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு கறுப்புக் கண்ணாடி போடுங்கள். இதில் இரண்டு லாபம். முகம் தப்பிக்கும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டு ‘விடிந்துவிட்டது’ என்று மூளைக்குச் சேதி போவதும் குறையும், படுத்தால் தூக்கம் வரும். நீங்களே வண்டி ஓட்டி வந்தால் இதைச் சொல்ல மாட்டேன், தூக்கக் கலக்கத்தில் கறுப்புக் கண்ணாடி ஆபத்து. மொட்டை மாடித் துணியை வேறு யாராவது உலர்த்தட்டும். பெரியம்மாவிடம் பதில் சொல்வதைவிட இது சுலபம்.

கருத்தடை மாத்திரையையும் கவனிக்க வேண்டும். மங்கைத் தூண்டும் காரணங்களில் அது நன்கு அறியப்பட்ட ஒன்று. உங்கள் மங்குக்கு ஒரு வருடம் முன்புதான் அது தொடங்கியிருக்கிறது. நீங்களாக நிறுத்த வேண்டாம். மகப்பேறு மருத்துவரிடம் ஹார்மோன் இல்லாத வழி பற்றிப் பேசுங்கள். மங்குக்கு இப்போது டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையும் எழுதுகிறோம், மாதவிடாய்ப் பெருக்குக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். கருத்தடை மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் கூடும். யாராவது அதை எழுதித் தந்தால், நீங்கள் சாப்பிடுவதை முதலில் சொல்லிவிடுங்கள்.

அந்த ட்யூப்

நீங்கள் பூசும் க்ரீமின் பெயரை எழுதவில்லை. ஆனால் முதல் மூன்று வாரம் பளிச்சென்று ஆனது, இப்போது நிறுத்தினால் எரிகிறது, கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்பு தெரிகிறது என்கிறீர்கள். ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மாதக்கணக்கில் பூசிய முகம் இப்படித்தான் இருக்கும். எங்கள் ஓபியில் வாரம் தவறாமல் பார்க்கிற முகம் இது. ட்யூபின் பின்புறம் மொமெட்டசோன், ஃப்ளுசினோலோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் இருந்தால் அது மூன்று மருந்துக் கலவை. மங்குக்கு நல்ல மருந்துதான், டாக்டர் பார்வையில், சில வாரங்களுக்கு. எட்டு மாதத்துக்கு அல்ல. ஹைட்ரோகுவினோனை நீண்ட நாள் பூசினால் போகாத நீலக்கருப்பாகவும் மாறலாம்.

இது உங்கள் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை 2018ல் மத்திய அரசு, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் அட்டவணையில் சேர்த்தது. கவுண்டரில் நின்று ‘மங்கு க்ரீம்’ என்று கேட்டதும் எடுத்துக் கொடுத்தவர் அதைக் கடைப்பிடிக்கவில்லை. திடீரென்று ஒரேயடியாக நிறுத்தாமல், ட்யூபோடு தோல் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். குறைந்த வீரியத்துக்கு மாற்றி இறக்குவார். இடையில் சில வாரம் முகம் இப்போதைவிட மோசமாக இருக்கும், அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ட்யூபாக இல்லாமல், மேலே எந்த விவரமும் இல்லாத டப்பாவில் வந்த க்ரீம் என்றால் இன்றே குப்பைத் தொட்டி. 2023ல் கேரளாவின் மலப்புரத்தில் பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம்களால் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது.

குளுட்டாதயோன் ட்ரிப்புக்குப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. போடாதீர்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011லேயே இதைப் பற்றி எச்சரித்தது. மங்கு தீர அதில் நம்பும்படி ஆதாரமும் இல்லை. பார்லரில் நரம்பில் ஊசி போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். முன்பணம் கட்டியிருந்தால் ரசீதைக் காட்டித் திரும்பக் கேளுங்கள்.

நரைக்கு இரண்டு வார்த்தை. ஆசியர்களில் 25 வயதுக்கு முன் நரைத்தால்தான் அதை இளநரை என்போம். உங்களுக்கு 36. உங்கள் அம்மாவுக்கும் முப்பத்தைந்தில் தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்ன? மன அழுத்தம் எலியின் முடிவேரில் நிறச் செல்களைத் தீர்த்துவிடுவதை 2020ல் ஹார்வர்டில் காட்டினார்கள், உண்மைதான். அதற்காக உங்கள் காதோர நரையை ஷிஃப்ட் கணக்கில் எழுத முடியாது. தைராய்டு, பி12, இரும்புச்சத்து மூன்றையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் அதற்கு மருந்து சாப்பிடுங்கள், நரை கறுக்கும் என்பதற்காக அல்ல.

கழுத்து

இப்போது அந்தக் கடைசி வரி. எலுமிச்சையும் பயத்தமாவும் வேண்டாம், அது அழுக்கு இல்லை. பின்கழுத்தில் விரலை வைத்துப் பாருங்கள். வெல்வெட் துணி மாதிரி தடிப்பாக, மடிப்பு மடிப்பாக இருக்கிறதா? அக்குளிலும் அப்படியா? பார்க்காமல் உறுதி சொல்லக் கூடாது. ஆனால் 36 வயது, ஒன்பது கிலோ ஏற்றம், கறுத்த கழுத்து என்றதும் எந்தத் தோல் மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது இன்சுலின் எதிர்ப்பு. உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்க்காததால் கணையம் அதிகமாகச் சுரக்கிறது. மிதமிஞ்சிய இன்சுலின் தோல் செல்களையும் வளரத் தூண்டுகிறது. கழுத்து அதைக் காட்டுகிறது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் நிறையப் பேரை நாங்கள் கண்டுபிடிப்பது இந்தக் கழுத்தை வைத்துத்தான். தேய்க்கத் தேய்க்க, தேய்த்த காயத்தாலும் இன்னும் கறுக்கும்.

உடல் கடிகாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்றால் இங்கே கவலைப்படுங்கள். இதில் எலியும் முடிவேரும் இல்லை, மனிதர்களை வைத்துச் சோதித்ததே இருக்கிறது. 2009ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 10 ஆரோக்கியமானவர்களை ஆய்வகத்தில் தங்க வைத்து, ஒரு நாளை 28 மணி நேரமாக்கி, தூக்கத்தையும் சாப்பாட்டையும் கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பினார்கள். சில நாளிலேயே, கணக்கெடுக்க முடிந்த எட்டு பேரில் மூன்று பேருக்குச் சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை, நோய்க்கு முந்தைய அளவைத் தொட்டது. 2021ல் வந்த இன்னொன்று உங்களுக்கு நேரடியாக உதவும். 19 பேரை இரவுப் பணி மாதிரி விழிக்க வைத்தார்கள். ஒரு பிரிவு இரவிலும் சாப்பிட்டது, அவர்களுக்குச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் ஏறியது. இன்னொரு பிரிவும் அதேபோல் விழித்திருந்தது, ஆனால் பகலில் மட்டும் சாப்பிட்டது. அவர்களுக்கு ஏறவில்லை.

உங்கள் இரண்டு மணி பரோட்டாவும் கேன்டீன் பிரியாணியும் ஞாபகம் வருகிறதா? அதைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். கேப் ஏறுவதற்கு முன் ஆறு மணிக்கு முழுச் சாப்பாடு. இரவில் தண்ணீர், மோர், பசித்தால் ஒரு கைப்பிடி சுண்டல். காலையில் வந்து லேசாக இரண்டு இட்லி, பிறகு தூக்கம். இந்த வாரமே வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் பாருங்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள், 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை மருத்துவரிடம் போக வேண்டும். மாதவிடாய் முறை தவறுகிற வழக்கம் முன்பு இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் இதே கழுத்தோடு வரும்.

வேலையை விடலாமா?

மங்குக்காக என்றால் வேண்டாம். வேலையை விட்டாலும் மொட்டை மாடி வெயில் அப்படியேதான் இருக்கும், க்ரீமும் மாத்திரையும் அப்படியேதான் இருக்கும். கணவருக்கு இதைப் படிக்கக் கொடுங்கள். சர்க்கரை அளவு ஏறியிருந்தால் கதை வேறு. அப்போதும் வேலையை விடுவதற்கு முன் பகல் ஷிஃப்ட் கேளுங்கள். நீண்ட கால இரவுப் பணியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007லிருந்தே ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் வைத்திருக்கிறது, 2019லும் அதை மாற்றவில்லை. பதறுவதற்காக இதைச் சொல்லவில்லை, 11 வருடம் பார்த்துவிட்ட ஒருவர் ஷிஃப்ட் மாற்றம் கேட்பது சொகுசு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். வாயால் கேட்காதீர்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு, ‘இரவுப் பணியைத் தவிர்ப்பது நல்லது’ என்று டாக்டர் கையெழுத்திட்ட கடிதத்தை இணைத்து மனிதவளப் பிரிவுக்கு மெயிலில் அனுப்புங்கள். ஷிஃப்ட் அலவன்ஸ் போகும். மாதம் எவ்வளவு குறையும் என்பதை வீட்டில் இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள்.

மங்கு ஒரு மாதத்தில் போகாது, ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும், வெயில் பட்டால் திரும்பவும் வரும். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். ட்யூபின் பின்பக்கத்தைப் படமெடுத்துக் கூடவே அனுப்புங்கள். பின்கழுத்தையும் ஒரு படம், தேய்க்காமல் பத்து நாள் விட்ட பிறகு.